நான் பார்த்துப் படிக்கிற ஆளா, கேட்டுப் படிக்கிற ஆளா?

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் இரவு நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்காரர்கள்: ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நிற்கும் அக்காக்கள், கணக்கு எழுதுபவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். கூடவே வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்சுகளும், பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்கில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று வரும் அம்மாக்களும் உண்டு. வயது 22இலிருந்து 58 வரை. வந்து ஒரு மாதம் ஆவதற்குள் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்: "எனக்கு எப்படிப் படிச்சா மண்டையில ஏறும்?" அதையும் அதன் கூடவே வரும் மற்ற கேள்விகளையும் பதிலோடு எழுதி வைத்திருக்கிறேன்.

லேர்னிங் ஸ்டைல் என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொருவருக்கும் பாடம் மனதில் பதிய ஒரு தனி வழி உண்டு, அந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்ற கருத்து. தமிழில் கற்கும் பாணி என்று சொல்லலாம். இதில் ஊர் உலகமெல்லாம் தெரிந்தது நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய வார்க் வினாத்தாள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து பார்த்துக் கற்பவர் என்று நாலு வகை. நம் பக்கத்துப் பயிற்சி வகுப்புகளில் இது கண், காது, கை என மூன்றாகச் சுருங்கிவிட்டது. இது இல்லாமல் இன்னும் எத்தனையோ உண்டு. 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் இந்த வகைப்பாடுகளைத் தேடித் திரட்டியபோது 71 கிடைத்தன. ஜாதகக் கட்டம்கூட பன்னிரண்டோடு நின்றுவிடுகிறது.

போனில் ஒரு டெஸ்ட் எழுதினேன். 'நீங்கள் விஷுவல்' என்று வந்தது. இனி படமும் வீடியோவும் மட்டும் போதுமா?

போதாது. அந்த டெஸ்ட் உங்களுக்கு எது பிடிக்கும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். எதில் படித்தால் ஆங்கிலம் வரும் என்று அதற்குத் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு வினாத்தாளைத் தமிழாக்கி எல்லோரிடமும் கொடுத்து, மார்க் கூட்டி, மூன்று பெஞ்சாகப் பிரித்து உட்கார வைத்தேன். ஒரு பெஞ்சுக்குப் பட அட்டை, ஒன்றுக்கு ஸ்பீக்கர், ஒன்றுக்கு நடித்துக் காட்டும் பயிற்சி. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஸ்பீக்கர் பெஞ்சு நன்றாகப் பேசியது, ஆனால் 'இன்வாய்ஸ்' என்ற சொல்லை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதியது. பட பெஞ்சுக்கு நிறைய வார்த்தை தெரிந்தது, போனில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. அவரவர் எதில் கெட்டியோ அதிலேயே ஓட்டிவிட்டு, எதில் சொத்தையோ அதை நானே மூடி வைத்திருக்கிறேன்.

ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்கள். 2008இல் ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இந்தக் கருத்துக்கு ஆதாரம் உண்டா என்று துருவிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. கண் வகைக்காரர்களில் பாதிப் பேருக்குப் படத்தில் பாடம், பாதிப் பேருக்கு ஒலியில் பாடம். காது வகைக்காரர்களுக்கும் அப்படியே. கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. கண்காரர் படத்தில் படித்தபோதும் காதுக்காரர் ஒலியில் படித்தபோதும் அதிக மார்க் எடுத்தால்தான் 'பாணிக்கு ஏற்ற பாடம் பலன் தரும்' என்று சொல்ல முடியும். அப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே ரொம்பக் குறைவு, செய்தவற்றிலும் பல அந்தக் கருத்துக்கு எதிராகவே இருந்தன. 2015இல் பெத் ரோகோவ்ஸ்கி குழுவினர் பெரியவர்களை வைத்தே சோதித்தார்கள். ஒரே விஷயத்தைச் சிலர் காதால் கேட்டார்கள், சிலர் திரையில் படித்தார்கள். பிடித்த வழியில் படித்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் புரிந்துவிடவில்லை.

என் வகுப்பு மெர்ச்சண்டைசர் ஒருவர் தன்னை விஷுவல் என்று உறுதியாக நம்பினார். போனில் ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்டது 15 சாம்பிள். இவர் சாம்பிள் செக்ஷனில் சொன்னது 50. ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது. முதலாவதில் கடைசி 'டீன்' நீண்டு அழுந்தும், இரண்டாவதில் முதல் 'ஃபிஃப்' அழுந்தி 'டி' சட்டென்று விழுந்துவிடும். இதை எந்தப் படம் போட்டுக் காட்டுவது? காதால் நூறு தடவை கேட்டு, வாயால் நூறு தடவை சொல்லித்தான் வரவேண்டும், கண்காரராக இருந்தாலும் சரி. அதேபோல் ஸ்பெல்லிங்குக்குக் கண்ணும் கையும் வேண்டும், காதுக்காரராக இருந்தாலும் சரி. படிக்கிற ஆளைப் பார்த்து முடிவுசெய்வதைவிட, படிக்கிற பொருளைப் பார்த்து வழியை முடிவுசெய்யுங்கள்.

அப்படியென்றால் எனக்குப் பிடித்த வழிக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு, பிடிக்காத பயிற்சியைக் கொடுத்தால் அடுத்த வாரம் ஆள் வரமாட்டார். ஆகவே பிடித்ததில் தொடங்குங்கள், சலித்தால் பிடித்ததற்குத் திரும்புங்கள். நடுவில் பிடிக்காததையும் ஒரு கால் மணி நேரம் தொட்டுவிடுங்கள்.

எனக்கு எழுதி எழுதிப் பார்த்தால்தான் ஏறும். ஒரு சொல்லை இருபது தடவை எழுதுகிறேன். சரிதானே?

எதை எழுதுகிறீர்கள் என்று முதலில் நோட்டைக் காட்டுங்கள் என்பேன். பத்து நோட்டில் ஏழு இப்படி இருக்கும்: இடது பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், வலது பக்கம் பொருள். நாளாக நாளாக இடது பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. கண் நேராக நடுப்பக்கத்துக்குப் போகிறது. அங்கேதான் வம்பு.

கிரிக்கெட் மட்டை, 'கெட்ட' என்ற சொல், ரப்பர் ஸ்டாம்புக்கு மை வைக்கும் டப்பா, முதுகில் தட்டிக்கொடுப்பது, இந்த நாலுக்கும் அந்த நோட்டில் ஒரே 'பேட்'தான். ஆங்கிலத்தில் bat, bad, pad, pat என்று நாலும் நாலு ஒலி. நம் எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. பாம்பு என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது ப வேறு மாதிரி. எழுத்து ஒன்றே, சொல்லில் அது நிற்கிற இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடத்திலும் இரண்டு ஒலியும் வரும், மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். எனவே தமிழ் எழுத்தில் இருபது தடவை எழுதுகிறவர் தவறான ஒலியை இருபது தடவை கெட்டிப்படுத்துகிறார்.

எழுதும் பழக்கத்தை விடவேண்டாம். வரிசையை மாற்றுங்கள். முதலில் போனில் அந்தச் சொல்லைக் கேளுங்கள். உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'பென்' என்று பேனாவைச் சொல்லும்போது கையில் காற்று 'ப்' என்று அடிக்கவேண்டும். 'பஸ்' என்று சொல்லும்போது அப்படி அடிக்கக் கூடாது. அப்புறம் ஆங்கில எழுத்தில் மூன்றே தடவை எழுதுங்கள், பார்க்காமல். காது, வாய், கை மூன்றும் வந்துவிட்டதா? இதில் எந்த வகைக்காரருக்கு எது என்று பிரிக்கத் தேவையே இல்லை.

அப்போ படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்கிறீர்களா?

இல்லவே இல்லை. வித்தியாசம் நிறைய இருக்கிறது. வினாத்தாள் அதை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்கிறது என்பதுதான் என் குறை.

எட்டாவதோடு நின்றவரும் டிகிரி முடித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், முதல் வித்தியாசம் ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதுதான். அடுத்தது தேவை. நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கவேண்டிய நர்சுக்கும், ஷிப்மென்ட் ஏன் தாமதம் என்று மெயில் எழுதவேண்டியவருக்கும் ஒரே பாடம் கொடுப்பதில் அர்த்தமில்லை. பள்ளியில் எப்படிப் படித்தோம் என்பதும் ஒட்டிக்கொண்டே வரும். "எனக்கு மனப்பாடம்தான் சார் வரும்" என்று சொல்பவரிடம் வேறு எதையும் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. அது பழக்கம், பிறவிப் பாணி ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செக்கிங்கில் இருந்து வரும் ஒரு அக்காவுக்கு 44 வயது. "படிச்சா எனக்கு ஏறாதுங்க, கேட்டாத்தான் ஏறும்" என்று அடித்துச் சொல்வார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளெழுத்து! கண்ணாடி போட்ட பிறகு புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை. நாற்பது தாண்டியவர் யாராவது தான் 'கேட்டுக் கற்பவர்' என்று சொன்னால், இப்போதெல்லாம் முதலில் கண்ணைத்தான் விசாரிக்கிறேன்.

எனக்குக் கூட்டத்தில் வராது. தனியாகத்தான் படிக்க முடியும். இதுவும் ஒரு பாணியா?

வினாத்தாள்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் ஆங்கிலம் படிக்க வந்த பல நாட்டு மாணவர்களிடம் ஜாய் ரீட் என்ற ஆய்வாளர் 30 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளைக் கொடுத்து, 1987இல் முடிவுகளை வெளியிட்டார். அதில் கண், காது, உடலால் செய்வது, கையால் தொட்டுச் செய்வது ஆகிய நாலோடு குழுவாக, தனியாக என்று இரண்டும் சேர்ந்து ஆறு வகை. பெரும்பாலான நாட்டு மாணவர்கள் குழுவாகப் படிப்பதை விரும்பவில்லை என்று வந்தது. செய்து கற்பதைத்தான் நிறையப் பேர் விரும்பினார்கள்.

ஆனால் 'விரும்பவில்லை' என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். 1986இல் எலைன் ஹார்விட்ஸும் அவருடன் இருவரும் வெளிநாட்டு மொழி வகுப்பில் வரும் பயத்தை அளக்கவே 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்தார்கள். தாய்மொழியில் கெட்டிக்காரராக இருக்கிற ஆள், புது மொழியில் வாய் திறந்ததும் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறார். வயது கூடக்கூட அந்த வெட்கம் அதிகம்.

என் வகுப்பில் ஒரு தம்பி ஆறு வாரம் வாயே திறக்கவில்லை. தனியாகப் படிப்பதுதான் தனக்கு ஒத்துவரும் என்றார். விசாரித்தால், அவருடைய லைன் சூப்பர்வைசர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சூப்பர்வைசரை ஞாயிறு பேட்சுக்கு மாற்றினேன். இப்போது தம்பியை நிறுத்துவதுதான் கஷ்டம். உங்களுக்குக் கூச்சம் என்றால் பத்துப் பேர் முன்னால் பேசவேண்டாம். உங்கள் அளவே தெரிந்த ஒருவரோடு ஜோடி சேருங்கள், மீதி தானாக நடக்கும். பேசாமல் மட்டும் பேச்சு வராது.

கிராமர் ரூல் தெரியாமல் ஒரு வரிகூடப் பேசமுடியவில்லை. என் நண்பரோ ரூலே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் கணக்கு எழுதுபவர், உங்கள் நண்பர் லாரி ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஜோடி என் வகுப்பில் நிஜமாகவே இருக்கிறது. கணக்குக்காரர் வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தடவை சரிபார்த்து வாய் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார். லாரிக்காரர் தூத்துக்குடி துறைமுகத்தில் கேட்ட சொற்றொடர்களை அப்படியே எடுத்துவிடுவார், ஆள் அசரமாட்டார். ஆனால் நேற்று நடந்ததையும் "ஐ கோ" என்றுதான் சொல்வார். எதிராளிக்குப் புரிந்துவிடுகிறது, யாரும் திருத்துவதில்லை. தப்பு அப்படியே உறைந்துவிடுகிறது.

தமிழ் பேசும் பெரியவர்களுக்குச் சில இடங்களில் ரூல் நேரத்தை மிச்சப்படுத்தும். நாம் "ரெண்டு வருஷமா இங்க வேலை செய்றேன்" என்போம். "2022லேர்ந்து செய்றேன்" என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் எத்தனை காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. இரண்டுக்கும் வினை 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. நாம் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று போட்டு உடைக்கிறோம். காதால் கேட்டே இதைப் பிடிக்க வருஷக்கணக்கு ஆகும், சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடம். ரூலைப் படித்தவுடன் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணக்குக்காரர் இந்தப் பத்தைத்தான் செய்யமாட்டார். லாரிக்காரர் முதல் ஐந்து நிமிடத்துக்கு உட்காரமாட்டார்.

45 வயதுக்கு மேல் வருமா? சின்னப் பிள்ளைகள்தானே மொழியை வேகமாகப் பிடிக்கும்?

உச்சரிப்பில் கடைசியில் பிள்ளைகள் ஜெயிப்பார்கள், அது உண்மை. வேகம் வேறு விஷயம். நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் டச்சு மொழியைக் கற்றுக்கொண்டதை கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்னாகல்-ஹோலேயும் தொடர்ந்து சோதித்துப் பார்த்து 1978இல் எழுதினார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12-15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள்தான் கடைசி.

படித்த வார்த்தை ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. என் ஞாபக சக்திக்கு எந்தப் பாணி பொருந்தும்?

மறப்பது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அதைக் கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். மறதியில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அதற்கு மருந்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப வருவது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் படிப்பதைவிட தினமும் பதினைந்து நிமிடம் நிற்கும்.

இன்னொரு மருந்து, திரும்பப் படிப்பதற்குப் பதிலாக மூடி வைத்து நினைவுபடுத்திப் பார்ப்பது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் காட்டியது இது: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரிகிறதே' என்று சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைத்தான் பலர் தங்கள் பாணி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் கம்பெனியில் மீந்துபோன ஹேங்டேக் அட்டைகளை, அதாவது துணியில் தொங்கவிடும் அட்டைகளை வைத்து இதைச் செய்கிறோம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், நல்ல கெட்டி அட்டை. ஒரு பக்கம் தமிழில் ஒரு வாக்கியம், மறுபக்கம் ஆங்கிலத்தில். ஒற்றைச் சொல்லாக எழுதுவதில்லை. ஷூ டப்பாவில் மூன்று அறை. புது அட்டை முதல் அறையில், அதைத் தினமும் பார்க்கவேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறை, அதை மூன்று நாளுக்கு ஒருமுறை. அதிலும் சரியென்றால் மூன்றாம் அறை, வாரம் ஒருமுறை. தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறைதான் இது, அறைக் கணக்கை எங்கள் வசதிக்குக் குறைத்துக்கொண்டோம்.

எத்தனை வார்த்தை தெரிந்தால் சமாளிக்கலாம்?

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், வெளிநாட்டவருக்குத் தேவையான அடிப்படைச் சொற்கள் என்று சுமார் 2,000ஐப் பட்டியலிட்டு 1953இல் வெளியிட்டார். அந்த அளவு கையில் இருந்தால் அன்றாடப் பேச்சில் பெரும்பாலானது பிடிபடும். அதற்குமேல் உங்கள் தொழில் சொற்கள். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அதில் பாதி வாயிலேயே இருக்கிறது, அவை ஆங்கிலம் என்றுதான் தெரியாது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மாற்றுகிறேன். தப்பா?

தப்பில்லை. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். வார்த்தை வார்த்தையாக மாற்றாமல் முழு வாக்கியமாக மாற்றப் பழகுங்கள். நம் வினை கடைசியில் வரும், அவர்களுடையது எழுவாயை ஒட்டியே வரும்.

நான் ஆசிரியர். பாணி பார்த்துப் பாடம் நடத்தும்படி பயிற்சியில் சொன்னார்களே?

உங்களுக்கு மட்டுமா? 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிடித்த பாணியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதை பிரிட்டன் ஆசிரியர்களில் 93 சதவீதமும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 சதவீதமும் ஒப்புக்கொண்டார்கள். படம், ஒலி, செயல் எல்லாவற்றையும் வகுப்பில் வையுங்கள். ஆனால் எல்லோருக்கும் வையுங்கள். பெஞ்சு பிரிக்காதீர்கள்.

இரவு ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். எப்போது படிப்பது?

வீட்டுக்கு வந்து புத்தகம் எடுக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், தூக்கம்தான் ஜெயிக்கும். முன்பு சொன்ன அந்தச் செக்கிங் அக்காவின் நாளைச் சொல்கிறேன். காலையில் கம்பெனி வேனில் இருபது நிமிடம் காதில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு உரையாடலைக் கேட்கிறார், ஒரு வாரம் முழுக்க அதே உரையாடல். மதியம் சாப்பிட்டுவிட்டு ஐந்து ஹேங்டேக், டிபன் பாக்ஸ் கழுவப் போகும் வரை. இரவு படுக்கும் முன் அன்று நடந்ததை ஆங்கிலத்தில் மூன்று வரி, பத்தாவது படிக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புகிறார், மகள் பக்கத்து அறையில் இருந்தாலும். மகள் திருத்தித் திருப்பி அனுப்புகிறாள். போன வாரம் மகளுடைய பதில் செய்தியில் ஒரு தப்பு இருந்ததாம். அதை எங்களுக்குப் போட்டுக் காட்ட, போனை வகுப்புக்கே எடுத்து வந்துவிட்டார்.